ஓட்டு இல்லாதவனின் நம்பிக்கை

“உனக்கு இங்கே ஓட்டு இல்லை. அதனால்தான் இந்த நாட்டை இவ்வளவு தைரியமாக நம்புகிறாய்” என்று என்னோடு வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் சொன்னார். தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் இருக்கிற இந்தச் சின்ன நாடு, கயானா, இன்னும் இருபது ஆண்டில் எங்கேயோ போய்விடும் என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. வடிகால் கணக்கில் ஓர் எண்ணைத் திருத்துகிற அதே குரலில் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார். பல வருடமாக அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று எனக்குப் புரிய ஒரு தேர்தல் வர வேண்டியிருந்தது.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் எண்ணெயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முன்பெல்லாம் கயானா என்றால் கிரிக்கெட், அதாவது சந்தர்பால், அதற்கும் முன்னால் கன்ஹாய், காளிச்சரண். இப்போது எண்ணெய். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2015 மே மாதம் எக்ஸான்மோபில் இங்கே கடலுக்கடியில் எண்ணெயைக் கண்டுபிடித்தது. 2019 டிசம்பர் 20-ல் முதல் எண்ணெய் மேலே வந்தது. உலகமே கொரோனாவில் சுருண்டு கிடந்த 2020-ல் இந்த நாட்டுப் பொருளாதாரம் 40 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 2022-ல் 60 சதவீதத்துக்கும் மேல். மொத்த ஜனத்தொகை பத்து லட்சத்துக்குள். ஏறக்குறைய நீலகிரி மாவட்டத்து அளவு. ஆளுக்கு எவ்வளவு வரும் என்று எல்லோரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். ஆனால் 2016-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி ராயல்டி வெறும் 2 சதவீதம். விற்ற எண்ணெயில் 75 சதவீதம் வரை கம்பெனிகள் செலவுக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தில்தான் பாதி நாட்டுக்கு. ஆகமொத்தம் செலவுக் கணக்கு தீரும்வரை நூற்றுக்குப் பதினாலரைதான் கையில் வரும். இந்த ஒப்பந்தத்தைத் திட்டாத கயானாக்காரரை நான் பார்த்ததில்லை, எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

எண்ணெய் வருவதற்கு முன்பே இங்கே வந்தவன் நான். என் நம்பிக்கையும் அதற்கு முன்பே வேர்விட்டது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மதகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோக்கர்காரர்கள்

நான் நீர்ப்பாசன இஞ்சினியர். ஓர் ஆலோசனை நிறுவனத்தின் வழியாக வடிகால் வேலைக்காக வந்தேன். கயானா 2,15,000 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடு. ஜனங்களில் பத்தில் ஒன்பது பேர் வாழ்வது அட்லாண்டிக் ஓரத்தில் ஓடும் ஒடுங்கிய நிலப்பட்டையில். கடல் ஏறும் நேரத்தில் அந்த நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும். முன்னால் கடல்சுவர். பின்னால் ‘கன்சர்வன்சி’ என்று சொல்கிற, நீளமான மண்கரை போட்ட நன்னீர்த் தேக்கம். இரண்டு தண்ணீருக்கும் நடுவே வீடுகள், பள்ளிக்கூடங்கள், நெல், கரும்பு, தலைநகர் ஜார்ஜ்டவுன். பெய்த மழை தானாக எங்கும் வடியாது. கடல் வற்றும்வரை காத்திருந்து, மதகுக் கதவைத் தூக்கித் தண்ணீரை வெளியே விட்டு, கடல் மறுபடி ஏறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். டச்சுக்காரர்கள் தொடங்கிவைத்த ஏற்பாடு. அந்த மதகுக்கு இங்கே கோக்கர் என்று பெயர்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பொதுப்பணித்துறை லஸ்கர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம் லஸ்கர் ஷட்டரை ஒரு முறை ஏற்றிவிட்டால், முறை மாறும்வரை அதன் பக்கம் போகாமல்கூட இருக்கலாம். கோக்கர்காரருக்கு அந்த வசதி கிடையாது. நாளுக்கு இரண்டு வற்றம். தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். இன்று மாலை நான்கு மணிக்கு என்றால் அடுத்த வாரம் இதே கிழமையில் இரவு பத்து மணி. கல்யாணம், கிறிஸ்துமஸ், காய்ச்சல் எதற்கும் ஓதம் நிற்காது. வந்த புதிதில் கிழக்குக் கரையில் ஒரு கோக்கர்காரரோடு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவர் வேலையை அளந்து எழுத வேண்டியிருந்தது. அவர் கையில் ஒரு பள்ளி நோட்டு. ஒவ்வொரு தூக்கலும் இறக்கலும் நேரத்தோடு எழுதியிருந்தது. மேலதிகாரி யாராவது பார்ப்பார்களா என்று கேட்டேன். வருடத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிசயம் என்றார். பின்னே யாருக்காக எழுதுகிறீர்கள் என்றேன். “நான் செத்தால் அடுத்து வருகிறவனுக்கு” என்றார்.

இந்தக் கரை எப்படி உண்டானது என்பதை வரலாற்றாசிரியர் வால்ட்டர் ரோட்னி எழுதியிருக்கிறார். 1980 ஜூன் 13-ல் ஜார்ஜ்டவுனில் குண்டு வெடித்துக் கொல்லப்பட்ட அதே ரோட்னி. பத்துக் கோடி டன் சேற்று மண்ணை வெறும் மண்வெட்டியால் வெட்டிப்போட்டு இந்த நிலத்தை உண்டாக்கியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1838-ல் விடுதலை கிடைத்ததும் அவர்கள் செய்த காரியம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. 1839 நவம்பரில் 83 பேர் சேர்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த காசைப் போட்டு, நார்த்புரூக் என்ற தோட்டத்தையே விலைக்கு வாங்கி விக்டோரியா என்று பெயர் வைத்தார்கள். காசைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அடுத்த ஆண்டு 128 பேர் 50,000 டாலர் கொடுத்து இன்னொரு தோட்டத்தை வாங்கினார்கள், அது பக்ஸ்டன். நிலம் வாங்கினால் மட்டும் போதாது, வாய்க்காலும் மதகும் கரையும் சேர்ந்தே கையில் வரும். கூலிக்கு ஆள் கிடைக்காமல் கடுப்பில் இருந்த தோட்டக்காரர்கள் பக்கத்திலேயே இருக்க, ஊர்கூடி வரி போட்டு அந்த மதகுகளைக் காப்பாற்றினார்கள். சில வருடம் முடிந்தது, சில வருடம் முடியவில்லை.

அந்தத் தோட்டக்காரர்கள் கூலிக்குக் கொண்டுவந்தவர்கள்தான் நம் ஆட்கள். 1838 மே 5-ல் முதல் கப்பல்கள் வந்தன. 1917 வரை வந்தவர்கள் ஏறக்குறைய 2,39,000 பேர். அவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சுமார் 15,000. பக்ஸ்டனுக்கு அடுத்த ஊர் அன்னண்டேல். முதலாவதில் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர், இரண்டாவதில் பெரும்பாலும் இந்தியர். 2000-களில் இந்தப் பகுதியில் நிறைய ரத்தம் சிந்தியது. 2008 ஜனவரியில் பக்கத்து லுசிக்னனில் ஒரே இரவில் 11 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வருடங்களிலும் கோக்கர் கதவு தினம் இரண்டு முறை ஏறி இறங்கத்தான் செய்தது. இல்லாவிட்டால் இங்கே ஊரே இருந்திருக்காது.

அங்கிள் பார்த்த கயானா

பெரியவரை நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். இங்கே வயதில் மூத்தவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாட்டின் கிழக்கே இருக்கிற பெர்பிஸ் பகுதிக்காரர், மதராசி வம்சம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவர் குடும்பக் கோயிலில் மாரியம்மாவும் மதுரை வீரனும் இருக்கிறார்கள். வேப்பிலை கட்டித் தப்பு அடித்துப் பூசை நடக்கிறது. முதல் முறை அந்தத் தப்புச் சத்தத்தைக் கேட்டபோது என் உடம்பு நடுங்கிவிட்டது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அவருடைய அவநம்பிக்கையை நான் மரியாதையோடுதான் சொல்ல வேண்டும். அது சோம்பலில் வந்ததில்லை. 1953-ல் முதன்முறையாக எல்லோருக்கும் ஓட்டு கிடைத்து, போர்ட் மோரன்ட் கரும்புத் தோட்டத்தில் பிறந்த செத்தி ஜெகன் ஜெயித்ததை அவருடைய அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். 133 நாளில் பிரிட்டன் படையை அனுப்பி அரசியல் சட்டத்தை நிறுத்திவைத்தது. அந்த ஒரு தேர்தலில் ஜெகனும் ஃபோர்ப்ஸ் பர்ன்ஹாமும் ஒரே கட்சி. இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே சின்னத்துக்குப் போட்டார்கள். அப்புறம் கட்சி உடைந்தது. வாஷிங்டனும் லண்டனும் அந்த உடைசலை ஊதிவிட்டன. 1964 கலவரத்தில் 150-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கிள் அப்போது சிறுவன். இரவோடு இரவாகச் சட்டிபானையோடு வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தது அவருக்கு நினைவிருக்கிறது. கலந்து வாழ்ந்த ஊர்கள் அந்த வருடத்தில்தான் பிரிந்தன.

1966-ல் சுதந்திரம். அதற்குப் பிறகு பல தேர்தல்கள் பெயருக்கு நடந்தன. 1980-களில் கோதுமை மாவை இறக்குமதி செய்வதற்குத் தடை, பருப்புக்கும் தடை. அரிசி மாவில் ரொட்டி சுட்டார்கள். பூசைக்கு ஒரு பிடி கோதுமை மாவு கடத்தலில் வாங்கி ஒளித்துவைத்தார்கள். அவருடைய கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி, இப்போது எல்லோரும் நியூயார்க்கில் ரிச்மண்ட் ஹில்லிலும் டொரண்டோவிலும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் துணியும் டின் சாப்பாடும் நிரப்பிய பீப்பாய்கள் கப்பலில் வரும், இன்றும் வருகின்றன. 1992 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் வந்து பார்வையிட்ட தேர்தலில் வரிசையில் நின்றபோது அழுதுவிட்டேன் என்று ஒரு நாள் சொன்னார். அந்த நம்பிக்கையும் ஐந்தே வருடத்தில் 1997 தேர்தல் கலவரத்தில் கருகியது. 2005 ஜனவரி வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர் நாட்கணக்கில் நின்றது. தண்ணீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் வந்து ஜனங்கள் செத்தார்கள். 2017-ன் கடைசியில் ஸ்கெல்டன் சர்க்கரை ஆலையை மூடினார்கள். அவர் மைத்துனருக்கு வேலை போனது.

ஒவ்வொரு முறை நம்பியதற்கும் ஒரு விலை கொடுத்தவர் அவர். “என் பெயரைப் பார்த்தே என் ஓட்டு எந்தக் கட்சிக்கு என்று சொல்லிவிடுவார்கள் தம்பி. இப்படி ஒரு நாட்டில் எண்ணெய் வந்தால் என்ன, தங்கம் வந்தால் என்ன?” என்பார். என்னிடம் பதில் இருந்ததில்லை. 2020 வரை.

மிஸ் எழுதிய எண்

அங்கிளின் மனைவி ஆசிரியை. ஊரே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். முப்பது வயது டிரைவர்களும் போலீஸ்காரர்களும்கூட. 2020 மார்ச் 2, திங்கட்கிழமை நடந்த தேர்தலில் அவர் கிழக்குக் கரையில் ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலர். இங்கே ஓட்டுகளை எங்கும் எடுத்துப்போவதில்லை. மாலை ஆறு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்ததும் அதே அறையில், கட்சி முகவர்கள் கண்ணெதிரே, சீட்டுச் சீட்டாக எண்ணுவார்கள். எண்ணியதை ஒரு தாளில் எழுதி, தலைமை அலுவலரும் முகவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். ஆளுக்கு ஒரு பிரதி. ஒரு பிரதியைச் சாவடி வாசலில் ஒட்டிவிடுவார்கள். மிஸ்ஸின் தாளில் கையெழுத்துப் போட்ட முகவர்களில் இரண்டு பேர் அவரிடம் படித்தவர்கள், இரண்டு எதிரெதிர்க் கட்சி. நள்ளிரவுக்குள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

சிக்கல் அதற்குப் பிறகு. பத்துப் பிராந்தியங்களில் நான்காவதில், அதாவது தலைநகர் இருக்கிற, அதிக ஓட்டு உள்ள பிராந்தியத்தில், சாவடித் தாள்களைக் கூட்டிச் சொல்லும் இடத்தில் குழப்பம் வந்தது. வாசிக்கப்பட்ட எண்கள் தங்கள் கையில் இருக்கும் பிரதிகளோடு பொருந்தவில்லை என்று எதிர்க்கட்சி முகவர்களும் வெளிநாட்டுப் பார்வையாளர்களும் கத்தினார்கள். வழக்கு, தடையுத்தரவு, மறுபடி வழக்கு. மேற்கு பெர்பிஸில் சாலை மறியலில் ஓர் இளைஞர் சுடப்பட்டுச் செத்தார். அதே மாதம் கொரோனாவும் வந்தது. விமான நிலையத்தை மூடினார்கள். ஊருக்குப் போகலாம் என்று நினைத்தாலும் போக முடியாது. அந்த மாதங்களில் நானும் எல்லோரையும் போல இந்தக் கரைப்பட்டைக்குள் மாட்டிக்கொண்டவன்தான்.

மிஸ்ஸின் சாவடி அந்த நான்காம் பிராந்தியத்தில் இருந்தது. அங்கிள் செய்தி பார்ப்பதையே நிறுத்திவிட்டார். “மறுபடி அதே கதை” என்று மட்டும் சொல்வார். நியூயார்க்கிலிருந்து உறவினர்கள் இரவும் பகலும் போன் பண்ணி, கிளம்பி வந்துவிடச் சொன்னார்கள். மிஸ்ஸுக்கும் வேறு மாதிரியான அழைப்புகள் வந்தன. உன் சாவடியில் அன்றைக்கு என்னதான் நடந்தது என்று, இரண்டு பக்கத்திலிருந்தும், சில நேரம் மிரட்டுகிற குரலில். அவருக்கு ஒரே பதில்தான். “நான் எழுதியதை வாசலில் ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். பெட்டியைத் திறந்தாலும் அதுதான் இருக்கும்.” அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

மே 6-ல் மறு எண்ணிக்கை தொடங்கியது. ஆர்தர் சங் மாநாட்டு மையத்தில் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான கரிகோம் அனுப்பிய மூன்று பேர் பார்த்திருக்க, 2,339 பெட்டிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டினார்கள். 33 நாள். நாங்கள் வீட்டில் அடைந்து கிடந்து அந்த எண்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மிஸ்ஸின் பெட்டி வந்த நாளில் நான் அவர்கள் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன், வேலைக் காகிதம் கொடுப்பதற்காக. அவர் கையில் அந்தத் தாளின் படம். கட்சி வாரியாக ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தது. ஓர் ஓட்டுக்கூட மாறவில்லை. “சரி” என்றார். அவருடைய பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் கணக்குப் பாடம் அனுப்ப வேண்டியிருந்தது, உள்ளே போய்விட்டார். அங்கிள் மட்டும் வாசலிலேயே நின்றார். அவர் மனைவியின் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கே நின்றபடியே யோசித்தேன். இந்த ஒரு பெட்டி மட்டும் இல்லை. நாடு முழுக்க 2,339 அறைகளில், பெரும்பாலும் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும், அவரவர் கட்சி ஆசையை ஓரமாக வைத்துவிட்டு எண்ணியதை எண்ணியபடி எழுதி வாசலில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். மேலே இருந்த பெரியவர்கள் ஐந்து மாதம் இழுத்துப் பார்த்தும் அந்தத் தாள்களைத் தாண்ட முடியவில்லை. ஜூலை 8-ல் கரீபியன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகஸ்ட் 2-ல் முடிவு அறிவிக்கப்பட்டு ஆட்சி மாறியது. வித்தியாசம் 15,416 ஓட்டு. தோற்ற கூட்டணி, செத்தவர்கள் பெயரிலும் வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயரிலும் ஓட்டு விழுந்தது என்று வாதாடியது. அதன் தேர்தல் மனுக்கள் தள்ளுபடி ஆயின. நாட்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அன்று துக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். என் அலுவலகத்திலேயே பார்த்தேன். அடுத்த மாதமே மேற்கு பெர்பிஸில் இளைஞர்கள் கொல்லப்பட்டு, சாலைகள் எரிந்தன. இனப் பகை ஒரு மறு எண்ணிக்கையில் தீர்ந்துவிடாது.

ஆனாலும் எனக்கு அன்றைக்குத்தான் என் நம்பிக்கைக்குக் காரணம் தெரிந்தது. பக்கத்து வெனிசுவேலாவில் எண்ணெய் இருந்தது, பெரிய பெரிய மனிதர்களும் இருந்தார்கள். அது மட்டும் போதவில்லை. நாடு நிற்பதற்கு யாரும் பார்க்காத நேரத்தில் நோட்டில் சரியாக எழுதிவைக்கிற கோக்கர்காரரும் மிஸ்ஸும் வேண்டும். கடலுக்குக் கீழே இருநூறு வருடம் வாழ்ந்த ஜனங்களிடம் அந்தப் பழக்கம் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இதை அங்கிளால் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம் அவர் பட்ட அடி. அந்த அடி எனக்கு விழவில்லை. அதனால்தான் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்த அந்தப் பழக்கத்தை என்னால் பார்க்க முடிந்தது.

இதுதான் உன் வீடா?

அந்த நாட்களில் வாக்காளர் பட்டியல் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கயானா அரசியல் சட்டத்தின் 159-ஆம் பிரிவு, காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கும் ஓட்டுரிமை தருகிறது. ஒரு வருடம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இந்த நாட்டையே தங்கள் நிலையான இருப்பிடமாகவும் கொண்டிருக்க வேண்டும். இந்தியா காமன்வெல்த்தில் இருக்கிறது. ஆக, எனக்கு ஓட்டே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. சந்தோஷமாக அங்கிளிடம் போய்ச் சொன்னேன்.

அவர் பிரிவை முழுக்கப் படித்தார். “ஒரு வருடம் இருந்தாயா என்று மட்டும் சட்டம் கேட்கவில்லை தம்பி. இதுதான் உன் வீடா என்றும் கேட்கிறது. அதற்கு என்ன சொல்லப் போகிறாய்?” என்றார்.

அவர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். அம்மா தஞ்சாவூரில் இருக்கிறார். அங்கே ஒரு வீடு இருக்கிறது. இங்கே வெள்ளம் வந்தால், துப்பாக்கி வெடித்தால், போவதற்கு எனக்கு ஓர் இடம் உண்டு. 2023 டிசம்பரில் வெனிசுவேலா தன்பாட்டுக்கு ஒரு வாக்கெடுப்பு நடத்தி, இந்த நாட்டின் மூன்றில் இரண்டு பங்கான எஸ்ஸெக்கிபோ எங்களுடையது என்று அறிவித்தபோது, அலுவலகத்தில் ஒவ்வொருவரும் யார் யாரை எங்கே அனுப்பலாம் என்று பேசினார்கள். என் மனைவி கேட்ட கேள்வி வேறு: டிக்கெட் போடலாமா? இரண்டும் ஒரே பயம் இல்லை. விலை கொடுக்கிறவர் நம்பிக்கைக்கு இருக்கும் எடை என் நம்பிக்கைக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை குறைந்ததால் அது பொய்யாகிவிடாது. இங்கே கூலிக்கு வந்து குடியேறியவர்களில் பலரும் முதலில் ஊருக்குத் திரும்பும் எண்ணத்தோடுதான் இருந்தார்கள். மதராசிக் கூலிகளும் ஐந்து வருட ஒப்பந்தத்துக்கு வந்தவர்கள்தானே.

எண்ணெய்ப் பணம் எங்கே போக வேண்டும்

எனக்குப் பெரிய கவலைகளும் இருக்கின்றன. அவை நாளுக்கு நாள் கூடுகின்றன.

டெமரெரா ஆற்றின் மேல் 1978-ல் ஒரு மிதவைப் பாலம் போட்டார்கள். பத்து வருடம் தாங்கும் என்று போட்டது. 47 வருடம் ஓடியது. தினமும் கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுப்பகுதியைத் திறப்பார்கள். இரண்டு பக்கமும் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். பாலம் நிலைத்ததற்கு ஒரே காரணம், துருப்பிடித்த மிதவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழுதுபார்த்து மாட்டிக்கொண்டே இருந்த பட்டறைத் தொழிலாளிகள். 2025 அக்டோபரில் அதன் பக்கத்தில் நான்கு வழிப் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் அடியில் போகும், வண்டி மேலே போகும். முதல் வாரத்தில் குடும்பத்தோடு அதில் போனேன், கண் நிறைந்தது. அந்தத் திறப்பு விழாவில் பட்டறை ஆட்களை முதல் வரிசையில் உட்கார வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

புதிதாகக் கட்டுவதற்குப் பணம் உடனே கிடைக்கிறது. கட்டியதைக் காப்பாற்றுவதற்குக் கிடைப்பதில்லை. மூடிய சர்க்கரை ஆலைகளின் நிலத்தில் வடிகால் பம்புகளை முன்பு ஆலையே ஓட்டியது. இப்போது அந்தப் பாரமும் அரசு வடிகால் துறையின் தலையில். நல்ல எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் ஒருவரும் எங்களிடம் தங்குவதில்லை. சாலை வேலைக்கும் எண்ணெய்க் கம்பெனிகளின் கரைத்தளங்களுக்கும் இரண்டு மடங்குச் சம்பளத்தில் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோக்கர் வாய்க்கு வெளியே கடல் கொண்டுவந்து கொட்டும் சேற்றை அள்ளாவிட்டால், கதவைத் தூக்கினாலும் தண்ணீர் வெளியே போகாது. கடல்மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, கதவைத் திறந்துவைக்கக்கூடிய நேரம் குறைந்துகொண்டே வருகிறது. இதை ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறேன்.

2024 பிப்ரவரியில் ஆசிரியர்கள் சம்பளப் பேச்சுவார்த்தை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரக்கணக்கில் நடந்தது. வேலைநிறுத்தம் சட்டப்படி சரி என்று ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொன்னது. மிஸ்ஸும் தட்டி பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். நாட்டைக் காப்பாற்றிய கையெழுத்து அவருடையது. எண்ணெய் வந்த நாட்டில், அவருடைய இளம் சகாக்கள் பலர் சம்பளம் போதாமல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பதினெட்டு வயதானவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் கயானா டாலர் ரொக்கமாகத் தருவதாக 2024 அக்டோபரில் அரசு அறிவித்தது. கயானாப் பல்கலைக்கழகத்தில் படிப்பு 2025 முதல் இலவசம். இரண்டையும் வரவேற்கிறேன், குறிப்பாக இரண்டாவதை. ஆனால் படித்து வெளியே வருகிற பிள்ளை இங்கே ஆசிரியராகவோ நர்ஸாகவோ இருந்து வாடகை கட்ட முடியாவிட்டால், அந்தப் படிப்பும் பீப்பாய் அனுப்புகிறவர்களின் எண்ணிக்கையைத்தான் கூட்டும்.

2025 செப்டம்பர் 1-ல் மறுபடி தேர்தல் வந்தது. மிஸ் அதிலும் ஒரு சாவடிக்குத் தலைமை அலுவலர். அங்கிள் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. இந்த முறை ஒரு வாரத்துக்குள் முடிவு வந்து ஜனாதிபதி பதவியேற்றார். சில மாதங்களுக்கு முன் ஆரம்பித்த ஒரு புதுக் கட்சி, 65 இடங்களில் 16-ஐப் பிடித்து எதிர்க்கட்சியானது. அந்தக் கட்சியைப் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் இந்திய ஊர்களிலும் ஆப்பிரிக்க ஊர்களிலும் அதற்கு ஓட்டு விழுந்திருக்கிறது. பெயரைப் பார்த்து ஓட்டைச் சொல்லும் காலம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறதா என்று அங்கிளிடம் கேட்டேன். “ஒரு தேர்தலை வைத்துச் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு பார்க்கலாம்” என்றார். அவர் வாயிலிருந்து ‘பார்க்கலாம்’ என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வாக்காளர் பதிவுக்கு என் பெயரைக் கொடுப்பதா என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கயானாவுக்கு வேலைக்கு வரலாமா என்று கேட்டு எழுதும் இளைஞர்களுக்கு: வாருங்கள். சிவில் படித்தவர்களுக்கு, அதிலும் பம்பும் வாய்க்காலும் தெரிந்தவர்களுக்கு, இங்கே வேலை இருக்கிறது. எண்ணெய்க் கம்பெனிக்காக மட்டும் வராதீர்கள். வீட்டு வாடகை ஜார்ஜ்டவுனில் மிகவும் ஏறிவிட்டது, கிழக்குக் கரையில் தேடுங்கள். கரண்ட் அடிக்கடி போகும். சந்தையில் போரா என்று கேட்டால் நம் காராமணிக்காய் கிடைக்கும், கரீலா என்றால் பாகற்காய். வந்த வாரத்திலேயே ஓத அட்டவணை ஒன்று வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கோக்கர்காரர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.